மென்பொருளுக்கும் வீட்டுப்படம் வேண்டும்

எங்கள் வீடு வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. பிறகு கையில் காசு வந்தபோதெல்லாம் வாப்பா ஓர் அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி என்று சேர்த்துக் கட்டினார். இன்று குசினியில் ஒரு பிளக் போடுவதென்றாலும் மூன்று அறைகளின் வயரைக் கழற்ற வேண்டும். உயர்தர வகுப்பில் மென்பொருள் கட்டமைப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவில் வந்தது அந்தக் குசினிதான்.

பெரிய மென்பொருள் ஒன்றில் இலட்சக்கணக்கான வரிகள் இருக்கலாம். அத்தனையையும் ஒருவர் மனதில் வைத்திருக்க முடியாது. ஆகவே எழுதத் தொடங்குமுன்பே எந்தக் கூறு எந்த வேலையைச் செய்யும், எது எதனோடு தொடர்புகொள்ளலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்கிறார்கள். இம்முடிவுகளே கட்டமைப்பு எனப்படும். வீட்டுப்படத்தில் அறைகளை விடச் சுவர்களும் கதவுகளும்தான் முக்கியம் என்பது என் எண்ணம்.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி முல்லைத்தீவு உட்பட நம் கரையோரங்களை அழித்தது. உறவுகளைத் தேடி மக்கள் முகாம் முகாமாக அலைந்தனர். அப்போது இலங்கைக் கணினித்துறையினர் தொண்டாக எழுதிய மென்பொருள்தான் 'சஹானா'. இச்சிங்களச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவையான பொருட்கள் ஆகியவற்றை அது பதிவு செய்தது.

அவசரத்தில் எழுதியதால் அது அந்த அனர்த்தத்துக்கே அளந்து தைத்த சட்டையாக இருந்தது. எழுதியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளையைத் தேடும் தாயிடம் படம் வரையும்வரை பொறுங்கள் என்று யார் சொல்வது? ஆனால் பின்னர் அதற்கு ஒட்டுப்போடாமல் அடியிலிருந்தே மீண்டும் எழுதினார்கள். மொழி, தரவுத்தளம், பயனர் அனுமதி போன்ற பொதுவேலைகள் மையப் பகுதிக்குப் போயின. மற்றவை அதைச் சுற்றித் தனித்தனிக் கூறுகளாயின. ஒரு நாட்டுக்கு வேண்டாத கூறை நிறுத்தினாலும் மற்றவை இயங்கும். 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் 2010 இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் சஹானா பயன்பட்டது.

அனுமதியை மையத்தில் வைப்பது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பெற்றோரைப் பிரிந்த ஒரு சிறுமியின் பெயர், படம், அவள் இருக்கும் முகாம் எல்லாம் அங்கே பதிவாகலாம். அதை யார் பார்க்கலாம் என்ற சோதனையை ஒவ்வொரு கூறிலும் வெவ்வேறு ஆட்கள் எழுதினால், ஒருவர் மறந்தாலே போதும், அவளது விபரம் கண்டவர் கைக்கும் போய்விடும். எல்லாக் கூறுகளும் ஒரே கதவால் வந்தால், காவல் வைக்க வேண்டியது அந்த ஒரு கதவுக்குத்தான்.