தெருவும் ஓர் ஆய்வுக்கூடம்தான்

மாணவர்களே, ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோகிராம். ஆனால், அது எரியும்போது ஏறக்குறைய 2.3 கிலோகிராம் கரிவளி வெளியாகிறது. எடை எப்படிக் கூடியது? பெட்ரோலில் உள்ள கரிமம் காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்வதே காரணம். இந்தக் கரிவளியைக் குறைக்கத்தான் பல நகரங்கள் நடப்பவர்களுக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் சாலையில் கூடுதல் இடம் ஒதுக்குகின்றன.

நோக்கம் நல்லதுதான். அதற்காக, ஒரு நகர மன்றம் நினைத்தவுடன் ஒரு தெருவில் கார்களைத் தடுத்துவிட முடியுமா? முடியாது. பொதுச்சாலை எல்லாருக்கும் உரியது. அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தச் சட்டப்படி ஆணை பிறப்பிக்க வேண்டும்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம் மன்றங்களுக்கு ஒரு வழியைத் தருகிறது. அதுதான் 'பரிசோதனை ஆணை'. அது 18 மாதங்கள் வரை நடப்பில் இருக்கலாம். அதை நிரந்தரமாக்க வேண்டுமானால், முதல் 6 மாதங்களில் பொதுமக்கள் எழுதி அனுப்பும் ஆட்சேபங்களை மன்றம் ஆராய வேண்டும். ஆணையில் சட்டக் குறை இருப்பதாகக் கருதுபவர்கள் 6 வாரங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். தவிர, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, வீட்டு வாசல் வரை காரில் வந்தாக வேண்டிய மாற்றுத்திறனாளிகளின் நிலையையும் மன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்வதைப் போலவே இருக்கிறதல்லவா? கருதுகோள், கால அளவு, உற்றறிதல், முடிவு என எல்லாமே இதிலும் உண்டு. ஆய்வில் நமக்குப் பிடிக்காத தரவை ஒதுக்கிவிட்டால் முடிவு செல்லாது. சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது.

தென் லண்டனில் உள்ள லாம்பெத் மன்றம், மேற்கு டல்விச் வட்டாரத்தில் கார் போக்குவரத்தைக் குறைக்கும் திட்டத்தைப் பரிசோதனை ஆணை வழியே கொண்டுவந்தது. மன்றம் முடிவெடுப்பதற்கு முன்பே, குடியிருப்பாளர் குழு ஒன்று தன் கவலைகளை 53 பக்க ஆவணமாக அளித்திருந்தது. மன்றம் அதைக் கருத்தில் கொள்ளவில்லை. ஆகவே, அந்த ஆணை சட்டத்துக்குப் புறம்பானது என்று 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். கார்களைக் குறைப்பது தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. முடிவெடுத்த முறைதான் தவறு என்றது. கரிவளியைக் குறைக்கும் திட்டம் நிலைத்து நிற்க, அறிவியல் மட்டும் போதாது. எதிர்த்துப் பேசுபவரின் தாளையும் படித்தாக வேண்டும்.

சிந்திக்க: உங்கள் பள்ளிக்கு முன்னால் உள்ள சாலையில் காலை நேரத்தில் கார்கள் நுழையக் கூடாது என்று ஒரு திட்டம் வருகிறது. ஆணை பிறப்பிக்கும் முன் யார் யாரைக் கேட்க வேண்டும்? எவற்றையெல்லாம் அளக்க வேண்டும்? பட்டியலிட்டுப் பாருங்கள்.