ஆற்றங்கரையில் ஒரு தோட்ட மாளிகை

பினாங்கு என்றதும் கொடிமலையும் கடற்கரையும் கார்ன்வாலிஸ் கோட்டையும் பலருடைய நினைவுக்கு வரும். ஆயர் ஈத்தாம் செல்லும் சாலையை ஒட்டி, ஓர் ஆற்றின் அருகே நிற்கும் சஃபோக் மாளிகையை அறிந்தவர்கள் சிலரே. பசும்புல்வெளியும் மரங்களும் சூழ்ந்த இந்த இரண்டு மாடிக் கட்டடம், ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. ஒரு காலத்தில் இதன் அழிவு உறுதி என்றே பலர் எண்ணினர்.

1786ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பினாங்கில் குடியேற்றத்தை நிறுவியவர் பிரான்சிஸ் லைட். அவர் இவ்விடத்தில் மிளகுத் தோட்டம் அமைத்து, இங்கிலாந்தில் தாம் பிறந்த சஃபோக் மாவட்டத்தின் பெயரை அதற்குச் சூட்டினார். இதனால், மாளிகையைக் கட்டியவரும் அவரே எனச் சிலர் கருதுகின்றனர். ஆனால், லைட் 1794ஆம் ஆண்டிலேயே காலமானார். இன்று காணப்படும் மாளிகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதைக் கட்டிய வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ் பின்னாளில் பினாங்கின் ஆளுநரானார். ஒரு பெயர்ப் பலகையை மட்டும் பார்த்து வரலாற்றை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

மாளிகையின் அமைப்பு தமிழர்களுக்குப் புதியதன்று. அக்காலத்தில் சென்னையிலும் கல்கத்தாவிலும் வாழ்ந்த கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும், நெரிசலான கோட்டைப் பகுதியை விட்டு விலகி, பரந்த தோட்டங்களின் நடுவே வீடுகளைக் கட்டிக்கொண்டனர். அவை தோட்ட வீடுகள் எனப்பட்டன. சென்னை அடையாற்றங்கரையில் அத்தகைய வீடொன்று இன்றும் உள்ளது. அந்தக் கட்டடக்கலை மரபே வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்குக்கும் வந்தது. உயர்ந்த கூரை, வரிசையான தூண்கள், அகன்ற தாழ்வாரம், பெரிய சன்னல்கள் ஆகியவை அழகுக்காக மட்டும் அமைக்கப்பட்டவை அல்ல. சூடான காற்று மேலே எழவும், வெயிலும் மழையும் அறைக்குள் புகாமலிருக்கவும் அவை உதவின. மின்விசிறி இல்லாத காலத்தில் வீட்டைக் குளிர்வித்தது கட்டடத்தின் அமைப்பே ஆகும்.

இம்மாளிகை பினாங்கு ஆளுநர்களின் இல்லமாகவும் விருந்துகள் நடைபெறும் இடமாகவும் விளங்கியது. அங்கு வாழ்ந்த ஆளுநர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. அக்காலத்துப் பினாங்கை உருவாக்கிய உழைப்பாளர்களின் பெயர்களோ பெரும்பாலும் பதிவாகவில்லை. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் இத்தீவின் சாலைகளையும் கட்டடங்களையும் அமைப்பதில் பாடுபட்டனர். பழைய கட்டடங்களைக் காண்போர் அவர்களையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

காலப்போக்கில் மாளிகை பல கைகள் மாறியது. 1920களின் இறுதியில் மெதடிஸ்ட் திருச்சபை அதனைப் பள்ளிக்காக வாங்கியது. ஆளுநர்கள் உலவிய கூடங்களில் மாணவர்கள் பாடம் படித்தனர். 1970களில் கட்டடம் பாதுகாப்பற்றது எனக் கருதப்பட்டதால் கைவிடப்பட்டது. அதன் பின்னர் அழிவு விரைந்தது. கூரை பழுதானால் மழைநீர் உள்ளே இறங்கும். நனைந்த மரம் உளுக்கும். சுவர் விரிசலில் செடிகள் வேரூன்றும். ஆள் புழங்காத வீட்டில் ஓர் ஓடு விலகினால்கூட அதைச் சரிசெய்ய எவருமில்லை. ஒரு தலைமுறைக்குள் மாளிகை இடிபாடாக மாறியது.

இந்நிலையில், மரபுக் காப்பில் அக்கறை கொண்டோர் அதனை மீட்கக் குரல் கொடுத்தனர். மாநில அரசு முன்வந்தது. நெடிய முயற்சிக்குப் பின் 2007ஆம் ஆண்டு சீரமைப்புப் பணி நிறைவுற்றது. இத்தகைய பணியில் பொறுமை மிகத் தேவை. பழைய செங்கற்சுவரின் மேல் சிமெண்டு பூசினால், சுவரிலுள்ள ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியேற விடும். எனவே, முன்னோர் பயன்படுத்திய பொருள்களையும் முறைகளையும் மீண்டும் கற்றுக்கொள்வதே சீரமைப்பின் முதற்படியாகும். 2008ஆம் ஆண்டு இம்மாளிகைக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருது கிடைத்தது. அதே ஆண்டில்தான் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், சஃபோக் மாளிகை அம்மரபுரிமைப் பகுதியின் எல்லைக்கு வெளியே அமைந்துள்ளது.

தனியாரும் மரபைக் காக்க முடியும் என்பதற்கு ஜார்ஜ்டவுனிலுள்ள பினாங்கு பெரானாக்கான் மாளிகை எடுத்துக்காட்டாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பித்தான் சுங் கெங் குவீ கட்டிய அவ்வீடும் பின்னாளில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. இன்று அது தனியார் அருங்காட்சியகமாக இயங்குகிறது. பாபா நோன்யா சமூகத்தினர் பயன்படுத்திய அறைகலன்கள், பீங்கான் பாத்திரங்கள், அணிகலன்கள் எனப் பலவகைப் பழம்பொருள்களை அங்குக் காணலாம்.

இவ்விரு மாளிகைகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே. பழைய கட்டடத்தைப் பூட்டி வைப்பதால் அது பிழைப்பதில்லை. பள்ளியாகவோ அருங்காட்சியகமாகவோ மக்கள் கூடும் இடமாகவோ அதற்கு ஒரு பயன் இருக்க வேண்டும். கதவுகள் நாள்தோறும் திறக்கப்படும் வீட்டில் ஒழுகும் கூரை உடனே கண்ணில் படும். உரிய காலத்தில் பழுதும் பார்க்கப்படும். அத்தகைய பயனைக் கண்டறிவது அரசின் கடமை மட்டுமன்று. அவ்வட்டாரத்தில் வாழும் ஒவ்வொருவரின் பொறுப்புமாகும்.