மின்சார வேலைக்குப் போகும் மலையகப் பிள்ளைகளுக்கு

சாதாரண தரமோ உயர் தரமோ எழுதிவிட்டு வரும் தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: “மின்சார சபையா, லெகோவா, ஆத்தோரத்துத் தனியார் ஹைட்ரோ கம்பனியா, எது நல்ல இடம்?” நின்ற நிலையில் சொல்லிவிடக்கூடிய பதில் இதற்கு இல்லை. ஹட்டன், நோட்டன்பிரிஜ், தலவாக்கலைப் பக்கம் கம்பிகளோடும் டர்பைன்களோடும் காலம் கழித்தவன் என்ற உரிமையில், ஆற அமர எழுதித் தருகிறேன். பெற்றோரும் வாசிக்க வேண்டும்.

1. எந்தக் கம்பனி என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மின்சாரத் தொழில் மூன்று துண்டு. உற்பத்தி ஒன்று. உயர் அழுத்தக் கோபுரங்கள் வழியே அதைக் கொண்டுபோகும் கடத்தல் இன்னொன்று. வீட்டுக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் கொடுத்து பில் வசூலிக்கும் விநியோகம் மூன்றாவது. 1969 நவம்பர் 1ஆம் திகதி உருவான இலங்கை மின்சார சபை இந்த மூன்றையும் தன் கையில் வைத்திருந்தது. 1983இல் வந்த லெகோ விநியோகம் மட்டும் செய்கிறது; அதுவும் நீர்கொழும்பிலிருந்து காலி வரையான கரையோர நகரங்களில். வித்துல்லங்கா, வலிபெல் பவர், ரீசஸ் எனர்ஜி, ஹேலீஸ் போன்ற தனியார் உற்பத்தி செய்து விற்பவர்கள். தோட்டக் கம்பனிகளும் இந்தத் தொழிலில் இறங்கியிருக்கின்றன. தலவாக்கலைப் பெருந்தோட்டக் கம்பனி தன் தோட்டத்து நீரிலேயே சிறு மின்நிலையங்கள் நடத்துகிறது.

ஆகவே லைன் வேலைக்கு ஆசைப்படுகிறவர் ஹைட்ரோ கம்பனிக்கு விண்ணப்பம் போட்டுப் பயனில்லை. இயந்திரத்தில் கை பழக வேண்டும் என்பவருக்கு லெகோ சரிவராது.

2. யார் யாருக்குப் போட்டி, யாருக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

மின்சாரத்தில் போட்டி, டவுன் கடைகளுக்கிடையே நடக்கும் போட்டி மாதிரி நடப்பதில்லை. ஹட்டனில் இருக்கும் ஒரு வீடு, இன்று இவரிடம் நாளை அவரிடம் என்று கரண்ட் மாற்றி வாங்க முடியாது. விநியோகத்தில் அந்தந்தப் பகுதிக்கு ஒருவர்தான். கட்டணத்துக்கு அனுமதி கொடுப்பது 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. உண்மையான போட்டி உற்பத்தியில், விலைமனுக்களில் நடக்கிறது. அங்கேயும் போட்டியாளர் என்று நாம் நினைப்பவர்கள் பல சமயம் சொந்தக்காரர்கள். லெகோவில் சபைக்குப் பெரும் பங்கு இருந்தது. மின்நிலையங்கள் கட்டி மின்சாரம் விற்கும் எல்டிஎல் ஹோல்டிங்ஸிலும் சபைக்குப் பெரும் பங்கு இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? தனியார் ஹைட்ரோ கம்பனிகளின் மின்சாரத்தை வாங்கியது ஒரே ஒரு வாடிக்கையாளர், அதுவும் சபை. 1996இல் டிக் ஓயாவில் முதல் தனியார் சிறு மின்நிலையம் தேசியக் கம்பியோடு இணைந்த நாள் முதல் ஏற்பாடு இதுவாகத்தான் இருந்தது. 2022 நெருக்கடியில் சபைக்கே காசில்லாமல் போனபோது, சிறு உற்பத்தியாளர்களுக்கான கொடுப்பனவு மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. நாடு நாளுக்கு 13 மணிநேரம் வரை இருட்டில் கிடந்த அந்த ஆண்டில், ஆத்தில் தண்ணீர் நிறைய ஓடியும் கம்பனிப் பெட்டிக்குக் காசு வரவில்லை. ஆகவே நேர்முகத் தேர்வில் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். மின்விற்பனை ஒப்பந்தம் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்றும் கேளுங்கள். பழைய ஒப்பந்தங்கள் 15 ஆண்டுக்கும் பின்னால் வந்தவை 20 ஆண்டுக்கும் எழுதப்பட்டவை. முடியப்போகும் ஒப்பந்தத்தின் கீழ் இருபது வயதில் சேர்வதென்றால், எல்லாம் தெரிந்துகொண்டு சேருங்கள்.

3. “லெகோவைப் பார், சபையைப் பார்” என்று பேசுகிறவர்களை அப்படியே நம்பாதீர்கள்.

லெகோவில் மின்னிழப்பு குறைவு, சேவை வேகம், ஆளும் குறைவு என்பது உண்மை. நல்ல நிர்வாகம் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அது சமதரையில், வீடுகள் நெருங்கிய ஊர்களில், 11 ஆயிரம் வோல்ட் கம்பியில் வேலை செய்கிறது. இங்கே 33 ஆயிரம் வோல்ட் கம்பி ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் பள்ளத்தாக்கு தாண்டிப் போகிறது. கடைசி லயத்துக்கு லைட் கொடுக்க எத்தனை போஸ்ட் நட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்து மலைகள் சரிந்தபோது, வாகனம் போக முடியாத இடங்களுக்குக் கம்பியைத் தோளில் சுமந்துதான் போக வேண்டியிருந்தது. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது அவை நிற்கும் நிலத்தையும் சேர்த்துப் பாருங்கள். வேலை பழக வேண்டும் என்பவருக்கு இந்த மலையை விடக் கடினமான பள்ளிக்கூடம் கிடையாது. குடும்பத்தோடு நேரத்துக்கு வீடு சேர வேண்டும் என்பவருக்குக் கரையோரம் வசதி. இரண்டிலும் தவறில்லை.

4. நியமனக் கடிதத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது?

நம் பிள்ளைகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். “சபையில் வேலை” என்று ஊரெல்லாம் சொல்வார்கள். கடிதத்தைப் பார்த்தால் ஒரு கொந்தராத்துக்காரர் பெயரோ மான்பவர் கம்பனிப் பெயரோ இருக்கும். சபையில் மான்பவர் அடிப்படையில் மீட்டர் வாசித்தவர்களும் லைன் வேலை செய்தவர்களும் நிரந்தரம் கேட்டு உண்ணாவிரதம் வரை போராட வேண்டியிருந்தது. கொந்தராத்து வேலைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். என்ன வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்து போங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சம்பளம் மாதம் 60,000 ரூபாய் என்று வையுங்கள். சட்டப்படி உங்களிடம் 8 வீதம், அதாவது 4,800 பிடித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம், 7,200 சேர்த்து ஊழியர் சேமலாப நிதியில் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,800 தனியாக அவர் கட்ட வேண்டும். ஒரு கொந்தராத்துக்காரர், “ஈ.பி.எஃப். எல்லாம் எதுக்கு, கையில் 5,000 கூடத் தாறேன்” என்றால், மாதம் 9,000 ரூபாயை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு 5,000 தருகிறார். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு முடித்தால், ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உண்டு. விபத்து நடந்தால் நட்ட ஈடு கேட்பதற்கும் ஆதாரம் அந்தக் கடிதமும் சம்பளச் சீட்டும்தான். சம்பளச் சீட்டுத் தராத இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

5. சபை பிரியும் காலம் இது.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இல் வந்த திருத்தமும் சபையைப் பல அரச கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தன. உற்பத்தி, கடத்தல், விநியோகம், மின்தொகுதி இயக்கம் எல்லாம் தனித்தனிக் கம்பனிகள். பழைய ஊழியர்களுக்கு, புதிய கம்பனிக்குப் போவது அல்லது சுயவிருப்பில் ஓய்வு பெறுவது என்ற தெரிவு வைக்கப்பட்டது. 2025இல் தொழிற்சங்கங்கள் போராட்டத்திலும் இறங்கின. புதிதாகச் சேர்பவர், சபையில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இருந்த சலுகை எல்லாம் தனக்கும் தானாக வரும் என்று நினைத்துவிடக் கூடாது. எந்தக் கம்பனி, எந்த நிதியில் சேர்க்கிறார்கள், தகுதிகாண் காலம் எவ்வளவு, வேறு மாவட்டத்துக்கு மாற்றலாமா: நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். சங்கத்திலும் சேருங்கள். சந்தா கட்டுவதோடு நிற்காமல் கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேளுங்கள்.

6. சிறு மின்நிலையத்தைச் சிறிய வேலை என்று ஒதுக்காதீர்கள்.

பெரிய நிலையத்தில் ஆளுக்கொரு வேலை. கதவு திறப்பவர் ரிலே பார்ப்பதில்லை. ஒரு மெகாவாட் நிலையத்தில் இரண்டு பேர் இரவு முழுக்க எல்லாம் பார்க்க வேண்டும். ஆனி, ஆடி மழையில் சவுக்குக் கிளையும் டர்பன்டைன் இலையும் வந்து நீர்புகும் கம்பித்தடுப்பை அடைத்துக்கொள்ளும். முதலில் நீர்த்தொட்டியின் மட்டம் இறங்கும். மீட்டரில் கிலோவாட் மெல்ல விழும். குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் டர்பைனின் சத்தம் மாறும். கரகரவென்று கல் அரைபடுவது போலக் கேட்கும். அதற்குள் நீண்ட வாரியோடு ஒருவர் அணைக்கு ஓடியிருக்க வேண்டும். மணல்தொட்டியைக் கழுவாமல் விட்டால், இரண்டே பருவத்தில் சக்கரத்தின் விளிம்பு தேய்ந்து கூர்மை போயிருக்கும். பேரிங் சூடு, எண்ணெயின் நிறம், கவர்னரின் தாமதம் என்று மூன்று ஆண்டு கண்ணும் காதும் வைத்துப் பழகியவரை, எந்த நாட்டு நிலையமும் வேலைக்கு எடுக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. காவலாளி என்று எடுத்து இயக்குநர் வேலை வாங்கும் இடங்கள் உண்டு. செய்யும் வேலையின் பெயர் கடிதத்தில் வர வேண்டும். வந்தால்தான் பின்னால் அனுபவச் சான்றிதழ் என்ற ஒன்று இருக்கும்.

7. உயிர்.

எந்தக் கம்பனி நல்லது என்று ஒரே ஒரு பொருளைப் பார்த்துச் சொல்லச் சொன்னால், நான் ஸ்டோருக்குப் போய் ஏர்த் கம்பி செட்டைப் பார்ப்பேன். கவ்விகள் துருப்பிடித்து, கம்பி இழை அறுந்து மூலையில் கிடந்தால், அங்கே பிள்ளைகளை அனுப்பமாட்டேன்.

காரணம் கேளுங்கள். 33 ஆயிரம் வோல்ட் லைனை ஓர் உபமின்நிலையத்தில் நிறுத்திவிட்டால் கம்பி செத்துவிட்டது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். நம் மலையில் அதே லைனின் அடுத்த முனையில் ஒரு ஹைட்ரோ நிலையம் கரண்ட் ஏற்றிக்கொண்டிருக்கலாம். தானாக நிற்கும் பாதுகாப்பு அதில் இருக்கத்தான் செய்யும்; அந்தப் பாதுகாப்பை நம்பி உயிரை வைக்கக் கூடாது. கடைக்காரர் ஒருவர் வீட்டு ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தாலும் கீழே உள்ள 230 வோல்ட், டிரான்ஸ்போமர் வழியாகத் திரும்பி மேலே ஏறி 33 ஆயிரமாக நிற்கும். ஆகவே நிறுத்து, பூட்டு, டெஸ்டர் வைத்துப் பார், நீ நிற்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஏர்த் போடு. அதன்பிறகே கை வை. “பரவாயில்ல, நேரமாச்சு, ஏறு” என்று மேற்பார்வையாளர் சொன்னால், ஏறாதீர்கள். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஏறாமல் நிற்கும் பிள்ளையைத் திட்டாத கம்பனிதான் நல்ல முதலாளி. சம்பளம் ஐந்தாயிரம் குறைந்தாலும் அங்கே இருங்கள்.

8. சிங்களம் படியுங்கள்.

லைன் நிறுத்தும் அனுமதி, தொலைபேசியில் வரும் கட்டளை, கண்ட்ரோல் அறைப் பேச்சு எல்லாம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும். அரைகுறையாக விளங்கிய ஒரு சொல் ஒரு ஆளைக் கொன்றுவிடும். தமிழில் படிவம் கேட்பது நம் உரிமை, கேட்க வேண்டும். அதற்காகப் படிக்காமல் இருக்கக் கூடாது.

9. பெண் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்.

மீட்டர், பில்லிங், கண்ட்ரோல் அறை, வரைபடம், ரிலே சோதனை, பொறியியல் எல்லாவற்றிலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். மலையில் கொழுந்துக் கூடையைச் சுமக்கத் தெரிந்த பெண்ணுக்கு உபமின்நிலையம் பாரமில்லை.

10. இந்தத் தொழிலில் நமக்கு உள்ள பங்கை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பொறியியலாளர் விமலசுரேந்திர, இந்த மலைநீரில் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கட்டுரை வாசித்தார். லக்ஷபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1948இன் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச வேலை ஏது? காசல்ரீ நீர்த்தேக்கம் நிறைந்தது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. நீர் வற்றும் காலத்தில் பழைய கோவில் இன்றும் வெளியே தெரிகிறது. காசல்ரீயில் சேரும் நீர் விமலசுரேந்திர, பழைய லக்ஷபான, பொல்பிட்டிய என்று படிப்படியாக இறங்கி மூன்று இடத்தில் சக்கரம் சுற்றுகிறது. 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாட் கொண்ட மேல் கொத்மலை நிலையமும் வந்தது. இத்தனை நிலையங்களைச் சுற்றி இருப்பது நம் லயங்கள். உள்ளே அதிகாரி நாற்காலியில் நம் ஆட்கள் மிகக் குறைவு. குடியுரிமைச் சிக்கலை 2003ஆம் ஆண்டுச் சட்டம் முடித்து வைத்தது. அன்று சட்டம் கதவை அடைத்தது. இன்று நம்மை நிறுத்துவது பெரும்பாலும் தகுதிச் சான்றிதழ் இல்லாமையும், விண்ணப்ப முடிவுத் திகதி போன பிறகு செய்தி தெரிவதும்தான்.

ஆகவே என்.வி.கியூ. 3 அல்லது 4 எடுங்கள். ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்திலோ, நைட்டா தொழில்பழகுநர் திட்டத்திலோ, தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள். கணிதம் வருபவர்கள் அதோடு நிற்காமல் பேராதனை, மொறட்டுவை என்று குறி வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். எழுத்து வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்துக்குப் போய் இப்போதே திருத்துங்கள். விண்ணப்பம் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. பத்திரிகையில் வரும் ஆட்சேர்ப்பு அறிவித்தலை வெட்டி, தோட்டத்து நூலகத்திலும் கோவில் வாசலிலும் ஒட்டுங்கள்.