எதற்குள் எது பொருந்தும்? நெட்வொர்க் இன்வென்டரி வேலைக்கு ஒரு வழிகாட்டி

ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் சிப்காட்டுகளில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு மணிமங்கலத்தில் வாடகை அறையிலோ விடுதியிலோ தங்கியிருக்கும் டிப்ளமோ, ஐ.டி.ஐ., பி.எஸ்சி. படித்தவர்களுக்காக எழுதுகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் லைனில் சில ஆண்டுகள் நின்றவர்கள் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்தான் வரும்: லைன் லீடர் ஆகுங்கள், இல்லையென்றால் கோடிங் படியுங்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் அவற்றுக்குச் சேவை தரும் மென்பொருள் நிறுவனங்களிலும் நெட்வொர்க் இன்வென்டரி என்றொரு பிரிவு இருக்கிறது. எந்த டவரில், எந்த ரேக்கில், எந்தக் கருவி இருக்கிறது, அதில் எந்த கார்டு செருகியிருக்கிறது, எந்த போர்ட் காலியாக இருக்கிறது என்பதையெல்லாம் பதிந்து வைக்கும் வேலை அது. அதிலும் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு ஆள் கிடைப்பது அரிது: கருவி மாடல்களுக்கு இடையிலான உறவை வரையறுப்பது. இந்தப் பகுதிக்கு உங்கள் லைன் அனுபவம் நேரடியாக உதவும்.

இந்த வட்டாரத்தில் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியாவின் கைபேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அந்த லைனுக்கு மட்டுமே பழகியிருந்த கைகள் வேறு லைனைத் தேட வேண்டியதாயிற்று. அதே நோக்கியாவின் நெட்வொர்க் கருவி ஆலையோ 2008-இலிருந்து இங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பொருளைப் பூட்டும் திறன் அந்தப் பொருளோடு கட்டுண்டது. ஒரு பொருளின் அமைப்பைப் பதிவுசெய்யும் திறனை எந்த நிறுவனத்துக்கும் கொண்டுபோகலாம்.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது

லைனில் வேலை பார்த்தவர்களுக்கு பி.ஓ.எம். தெரியும். மேலே ஒரு முழுப் பொருள், அதன் கீழே துணைத் தொகுதிகள், அவற்றின் கீழே போர்டு, ஸ்க்ரூ வரை ஒரு கிளைப் பட்டியல். பார்ட் நம்பர் வேறு, சீரியல் நம்பர் வேறு என்பதும் தெரியும். ஈ.சி.என். என்ற மாற்ற அறிவிப்பு வந்தால் ரிவிஷன் ஏறும், பழைய ஸ்டாக்கைத் தனியே வைக்க வேண்டும், மாற்றுப் பார்ட்டுக்கு அனுமதி இருந்தால்தான் எடுக்கலாம். இவையெல்லாம் தினசரிப் பழக்கம்.

இன்வென்டரி மென்பொருளிலும் இதே கட்டமைப்புதான். பார்ட் நம்பர் அளவில் நிற்பது மாடல். சீரியல் நம்பர் அளவில் நிற்பது களத்தில் இருக்கும் கருவி. 'இந்த சேசிஸில் இத்தனை ஸ்லாட் உண்டு, அவற்றில் இந்த வகை கார்டு மட்டும் போகும்' என்பது மாடலைப் பற்றிய விதி. 'ஒரகடம் சைட்டில் இருக்கும் இந்த சேசிஸின் மூன்றாவது ஸ்லாட்டில் இந்த சீரியல் நம்பர் கார்டு இருக்கிறது' என்பது கருவியைப் பற்றிய தகவல். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள். கல்லூரியிலிருந்து நேராக வருபவருக்கு இதை விளக்க ஒரு நாள் ஆகலாம். உங்களுக்கு ஒரே வாக்கியம் போதும்.

நாலு விதமான உறவு

முதலாவது, உள்ளடக்கம். எதற்குள் எது இருக்கலாம்? சைட், கட்டடம், அறை, ரேக், சேசிஸ், ஸ்லாட், கார்டு, போர்ட், அதில் செருகும் எஸ்.எஃப்.பி. என்று சங்கிலி இறங்கும். நோக்கியாவின் ஏர்ஸ்கேல் பேஸ் ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏஎம்ஐஏ என்ற சப்ரேக்கில் பொதுவான கட்டுப்பாட்டு கார்டுகள் இரண்டும் திறன் கார்டுகள் ஆறும் இருக்கலாம். இதை 'எட்டு ஸ்லாட்' என்று மட்டும் மென்பொருளில் எழுதி வைத்தால், திட்டமிடுபவர் ஏழாவது திறன் கார்டுக்கும் இடம் இருப்பதாக நினைத்து ஆர்டர் போட்டுவிடுவார். கார்டு வந்து இறங்கிய பிறகுதான் போகாது என்று தெரியும். ஸ்லாட் எத்தனை என்பதோடு ஒவ்வொரு ஸ்லாட்டும் எதை ஏற்கும் என்பதையும் எழுதினால்தான் வரையறை முழுமையாகும்.

இரண்டாவது, பொருத்தம். கார்டு ஸ்லாட்டில் உட்கார்ந்துவிடும், ஆனால் வேலை செய்யாது. மென்பொருள் பதிப்பு பழையதாக இருக்கலாம், பவர் சப்ளை தாங்காமல் இருக்கலாம், விசிறியின் திறன் போதாமல் இருக்கலாம். காலி ஸ்லாட் ஆறு என்று மென்பொருள் காட்டும், பவர் நாலு கார்டுக்குத்தான் இருக்கும். இந்தத் தகவல்கள் டேட்டா ஷீட்டின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். அங்கே போய் வாசிக்கும் பொறுமை உள்ளவரைத்தான் இந்த வேலைக்குத் தேடுகிறார்கள்.

மூன்றாவது, இணைப்பு. இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். டவர் மேலே தொங்கும் ரேடியோ யூனிட்டையும் கீழே கேபினெட்டில் இருக்கும் பேஸ்பேண்ட் யூனிட்டையும் நினைத்துப் பாருங்கள். இரண்டையும் ஃபைபர் இணைக்கிறது. ரேடியோ பேஸ்பேண்டின் கட்டுப்பாட்டில்தான் இயங்குகிறது என்பதால் அதை பேஸ்பேண்டின் கீழே, ஒரு கார்டு போலப் பதிந்துவிடுகிறார்கள். பழுது வந்தால் பதிவைப் பார்த்துப் போகும் டெக்னீஷியன் கேபினெட்டைத் திறந்து தேடுவார். டவர் ஏறும் ஆளும் பாதுகாப்புப் பட்டையும் தேவை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே இடத்தில் இருக்கும் பேஸ்பேண்ட் பல சைட்டுகளின் ரேடியோக்களை இயக்கும் அமைப்பில் நிலைமை இன்னும் மோசம். பதிவு காட்டும் ஊரிலேயே அந்த ரேடியோ இருக்காது. ரேடியோ இருப்பது டவரில், பேஸ்பேண்டோடு அதற்கு இருப்பது இணைப்பு உறவு. உள்ளடக்கத்தில் ஒரு பொருளுக்குத் தாய் ஒன்றே ஒன்றுதான். இணைப்பில் ஒன்றுக்குப் பல இருக்கலாம்.

நான்காவது, வாரிசு. பழைய மாடல் நின்றுபோய்ப் புது மாடல் வருகிறது. சிலர் சோம்பேறித்தனமாகப் பழைய மாடலின் பெயரைப் புதியதாக மாற்றிவிடுகிறார்கள். அந்த நிமிடமே களத்தில் இருக்கும் பழைய கருவிகள் எல்லாம் பதிவில் புதியவை ஆகிவிடும். புது மாடலைத் தனியே உருவாக்கி 'இதற்கு மாற்று இது' என்ற உறவை மட்டும் சேர்க்க வேண்டும். ஈ.சி.என். பார்த்த கைக்கு இது புதிதில்லை.

ஒன்றை அதன் உறவுகளால் அடையாளம் காட்டுவது பழைய வழக்கம்தான். மணிமங்கலம் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் 1899-இல் கல்வெட்டறிஞர் ஹுல்ச் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. அக்காலத்தில் நிலக்கொடை எழுதியவர்கள் நிலத்தின் பெயரோடு நிற்பதில்லை. கிழக்கே எது, மேற்கே எது, எந்த வாய்க்காலுக்கு வடக்கு என்று சுற்றியிருப்பவற்றைச் சொல்லித்தான் நிலத்தை அடையாளம் காட்டினார்கள். கருவியையும் அப்படித்தான் அடையாளம் காட்ட வேண்டும். பெயர் மாறும், லேபிள் உதிரும், எதனுள் இருக்கிறது, எதனோடு இணைந்திருக்கிறது என்பதை வைத்து அதைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம்.

எந்த மென்பொருளில் பழகுவது?

பெரிய நிறுவனங்களின் மென்பொருளை வீட்டிலிருந்து தொட முடியாது. ஆனால் திறந்த மூல மென்பொருள் இரண்டு இருக்கின்றன. ஒன்று நெட்பாக்ஸ், டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. மற்றது கொலம்பியாவில் உருவான குவைபா. நெட்பாக்ஸில் தொடங்குங்கள். இணையத்தில் டெமோ இருக்கிறது, எதையும் நிறுவாமலே தொட்டுப் பார்க்கலாம்.

அதில் முதலில் குழப்புவது, டிவைஸ் பே, மாட்யூல் பே என்ற இரண்டு வகை இடங்கள். உள்ளே போகும் பொருளுக்குத் தனி இயங்குதளம் உண்டா, தனியாக லாகின் செய்து நிர்வகிக்க முடியுமா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது குழந்தைக் கருவி, டிவைஸ் பேயில் போகும். பிளேடு சர்வர் அப்படிப்பட்டது. தாய்க் கருவியின் வழியாக மட்டுமே இயங்கும் லைன் கார்டு மாட்யூல் பேயில் போகும். வீட்டுக்கு ஃபைபர் கொடுக்கும் ஓ.எல்.டி.யின் கார்டுகள் இந்த இரண்டாம் வகை.

அடுத்தது, வார்ப்பு, அதாவது டெம்ப்ளேட். நெட்பாக்ஸில் மாடலின் கீழே போர்ட்டுகளை வார்ப்பாக எழுதி வைப்பீர்கள். அந்த மாடலில் ஒரு கருவியை உருவாக்கும்போது வார்ப்பு நகலெடுக்கப்படும். பிறகு வார்ப்பைத் திருத்தினால், ஏற்கெனவே உருவான கருவிகள் தாமாக மாறாது. ஐந்நூறு கருவி ஏற்றிய பிறகு ஒரு போர்ட் விட்டுப்போனது தெரிந்தால் ஐந்நூறையும் திருத்த வேண்டியதுதான். கார்டின் போர்ட் பெயரில், ஸ்லாட் எண் வர வேண்டிய இடத்தில் மாட்யூல் என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்தால், எந்த ஸ்லாட்டில் செருகுகிறோமோ அந்த எண்ணை மென்பொருளே நிரப்பும். இதைப் பழகிக்கொண்டால் நிறைய மறு வேலை மிச்சமாகும். தவறான ஸ்லாட்டில் தவறான கார்டைப் போட்டால் மென்பொருள் தானாகத் தடுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குச் சரிபார்ப்பு விதிகளை நாமே எழுத வேண்டும், பைத்தான் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

கிடங்கில் இருக்கும் உதிரி கார்டை எங்கே பதிவது? நெட்பாக்ஸில் ஒரு மாட்யூல் ஏதோ ஒரு கருவியின் பேயில் இருந்தே ஆக வேண்டும். அலமாரியில் இருக்கும் கார்டுக்கு வேறு ஏற்பாடு தேவை. குவைபாவில் உதிரிகளுக்குத் தனித் தொகுப்பு வைக்க வழி இருக்கிறது. எந்த வகைக்குள் எந்த வகை போகலாம் என்பதை வகை அளவிலேயே வரையறுக்கும் பகுதியும் அதில் உண்டு. இந்த வேறுபாட்டை நேர்காணலில் சொன்னால், நீங்கள் மென்பொருளைத் தொட்டுப் பார்த்தவர் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

கருவியே தன் உள்ளமைப்பைச் சொல்லும் முறையும் இருக்கிறது. 2013-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6933 என்ற இணையத் தர ஆவணம், கருவியின் ஒவ்வொரு உறுப்பும் தான் எதனுள் இருக்கிறது என்பதை ஓர் எண்ணால் சொல்ல வகை செய்கிறது. எதனுள்ளும் இல்லாத உறுப்பு 0 என்று சொல்லும். சேசிஸ், பவர் சப்ளை, விசிறி, மாட்யூல், போர்ட் என்று வகைகளையும் அது பிரித்துத் தருகிறது. கருவி சொல்வதையும் உங்கள் பதிவையும் ஒப்பிட்டு வேறுபாட்டைப் பிடிப்பதுதான் இந்தப் பணியின் அன்றாட வேலையில் பாதி. இரண்டும் முரண்பட்டால் கருவி சொல்வதை நம்பி உடனே பதிவை மாற்றாதீர்கள். யாரோ சொல்லாமல் கார்டை மாற்றியிருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது முக்கியம்.

ஒரு தவறு எவ்வளவு தூரம் போகும்

கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. இந்த அளவிலான வலையமைப்பில் ஒரே மாதிரிக் கருவி ஆயிரக்கணக்கான இடங்களில் போய் உட்காரும். ஒரு கருவியின் பதிவில் தவறு செய்தால் ஓர் ஊரில் தவறு. மாடலில் செய்தால் அந்த மாடல் போன ஒவ்வொரு ஊரிலும் தவறு. மாடல் வரையறுப்பவரின் வேலையை இன்னொருவர் சரிபார்த்த பிறகே ஏற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முதல் கருவியை ஏற்றுமுன் களத்தில் ஒன்றைத் திறந்து, மாடலோடு ஸ்லாட் ஸ்லாட்டாக ஒப்பிட்டுப் பாருங்கள். லைனில் முதல் பீஸை எடுத்துப் பரிசோதிக்காமல் உற்பத்தியைத் தொடங்குவீர்களா?

எப்படித் தொடங்குவது

பொதுவில் டேட்டா ஷீட் கிடைக்கும் ஒரு சேசிஸைத் தேர்ந்தெடுங்கள். சேசிஸ், கார்டு, எஸ்.எஃப்.பி. மூன்று நிலைக்கும் நெட்பாக்ஸில் மாடல் எழுதுங்கள். நெட்பாக்ஸ் பயனர்கள் சேர்ந்து கிட்ஹப்பில் டிவைஸ் டைப் நூலகம் ஒன்றை நடத்துகிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கான மாடல்களின் வரையறை இருக்கிறது, உங்களுடையதை அதோடு ஒப்பிடலாம். அங்கே இல்லாத மாடல் ஒன்றை நீங்களே எழுதி அனுப்பி, அது ஏற்கப்பட்டால், சான்றிதழை விட அதற்கு மதிப்பு அதிகம்.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். உங்கள் ஆலையின் பி.ஓ.எம்., வரைபடம், லேபிள் புகைப்படம் எதையும் பயிற்சிக்காக வெளியே கொண்டுவராதீர்கள். வேலையும் போகும், வழக்கும் வரும். பொதுவில் இருக்கும் ஆவணங்களே தாராளம்.

ஃபைபர், ஜி.பான், 5ஜி அடிப்படைகளை முறையாகக் கற்க மீனம்பாக்கத்தில் பி.எஸ்.என்.எல்.-இன் ராஜீவ் காந்தி நினைவுத் தொலைத்தொடர்புப் பயிற்சி மையம் இருக்கிறது. மணிமங்கலத்திலிருந்து முடிச்சூர் வழியாகத் தாம்பரம் வந்தால் மின்சார ரயிலில் போய்விடலாம். கல்லூரியில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தங்களுக்கு என்ன பாடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எஸ்.கியூ.எல். கட்டாயம் வேண்டும், எக்செல் கை பழகியிருக்க வேண்டும். ஆங்கிலம் தடையாகத் தோன்றினால், டேட்டா ஷீட் வாசிப்பதிலிருந்து தொடங்குங்கள். அதில் வரும் சொற்கள் குறைவு, அவையே திரும்பத் திரும்ப வரும்.

வேலை விளம்பரங்களில் இந்தப் பணி ஒரே பெயரில் வராது. இன்வென்டரி அனலிஸ்ட், நெட்வொர்க் டேட்டா எஞ்சினியர், ஓ.எஸ்.எஸ். எஞ்சினியர் என்று மூன்றையும் தேடுங்கள். ரெஸ்யூமேயில் 'அசெம்பிளி ஆபரேட்டர்' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், பி.ஓ.எம். சரிபார்த்தது, ரிவிஷன் மாற்றத்தைக் கையாண்டது, சீரியல் நம்பர் ட்ரேசபிலிட்டி பார்த்தது என்று செய்த வேலையை எழுதுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது நீங்கள் எழுதிய மாடலை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே திறந்து காட்டுங்கள்.