இலையைத் துளைக்கும் பூசணம்

மார்கழி மாதத்தில் சம்பா வயலுக்குச் சென்றால், சில பயிர்களின் இலைகளில் கண் வடிவப் புள்ளிகளைக் காணலாம். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. இதுவே குலை நோய். கதிரின் கழுத்தைத் தாக்கிவிட்டால் கழுத்து கருகி ஒடியும், மணிகள் பதராகும். 1919-இல் தஞ்சை டெல்டாவில் இந்நோய் பெருஞ்சேதம் விளைவித்தது.

நோய்க்குக் காரணம் ஒரு பூசணம். அதன் வித்துக்கள் காற்றில் மிதந்து வந்து இலைமேல் விழுகின்றன. நெல் இலையின் தோலோ மெழுகு பூசியது. மணலில் உள்ள சிலிகாவும் அதில் படிந்திருக்கும். (கதிர் அறுத்த கைகளுக்கு அதன் கூர்மை தெரியும்.) பல்லோ நகமோ இல்லாத பூசணம் உள்ளே நுழைவது எவ்வாறு?

பனி ஈரத்தில் வித்து முளைக்கிறது. முளையின் நுனி பருத்து, இலையோடு ஒட்டிய சிறு கூடாரம்போல் ஆகிறது. கூடாரச் சுவரில் மெலனின் என்னும் கரும்பொருள் படிகிறது. நம் தலைமுடியின் கருமைக்கும் ஒருவகை மெலனினே காரணம். உள்ளே கிளிசரால் சேரச் சேர, சவ்வூடு பரவல் முறையில் வெளிநீர் உட்புகுகிறது. நீருக்கு வழிவிடும் இந்தச் சுவர் கிளிசராலை வெளியே விடுவதில்லை. எனவே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. 1991-இல் வெளியான ஓர் ஆய்வு இதனை ஏறத்தாழ 80 வளிமண்டல அழுத்தம் எனக் கணக்கிட்டது. கார் டயரில் அடைக்கும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 40 மடங்கு! அந்த விசையில் கூடாரத்தின் அடியிலிருந்து மெல்லிய ஊசி போன்ற இழை ஒன்று கிளம்பி இலையைத் துளைத்துவிடுகிறது.

மெலனின் இல்லாத வெளிறிய பூசணத்தை இலைமேல் இட்டுச் சோதித்தார்கள். அதனால் துளைக்க முடியவில்லை. இலையைக் கீறிவிட்டு இட்டபோதோ நோய் வந்தது! 1970-களில் வந்த டிரைசைக்ளசோல் என்னும் மருந்து குறிபார்ப்பதும் இந்த மெலனினைத்தான். குறைந்த அளவில் அது பூசணத்தைக் கொல்வதில்லை. மெலனின் உண்டாவதை மட்டும் தடுக்கிறது. ஆகவே இழை உள்ளே நுழைந்தபின் தெளித்தால் அந்த இலைக்குப் பயன் சொற்பமே. கழுத்தைக் காக்க வேண்டுமானால் கதிர் வெளிவரும் தருணத்தைத் தவறவிடக் கூடாது.

மருந்துக்கு முன்பே கவனிக்க வேண்டியது உரம். பயிர் கருகருவென்று நிற்கட்டும் என யூரியாவை அள்ளிக் கொட்டுவது பூசணத்துக்கு விருந்து வைப்பதாகும். தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகிறது. அதில் படியும் சிலிகாவும் குறைகிறது. யூரியாவைப் பல தவணைகளாகப் பிரித்து இடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வரப்புப் புல்லிலும் பூசணம் தங்கக்கூடும். அதனைச் செதுக்கிவிட வேண்டும்.

நோயை எதிர்க்கும் இரகங்களும் உண்டு. ஆயினும் பூசணம் தன்னை மாற்றிக்கொண்டே இருக்கிறது. நேற்று வரை தாக்குப் பிடித்த இரகம் சில ஆண்டுகளில் நோய்க்கு ஆளாகிவிடலாம். ஆராய்ச்சியாளர்கள் புதிய எதிர்ப்பு மரபணுக்களைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.