ஷாங்காய்க்குக் குடும்பத்தோடு போகிறீர்களா?

ஷாங்காயில் வேலை என்று கடிதம் வந்ததும் எல்லோரும் முதலில் யுவானை ரூபாயாக்கிப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு அப்புறம். குடும்பத்தோடு போகிறவருக்குச் சம்பளத்தைவிடப் பெரிய விஷயங்கள் மூன்று: பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, மருத்துவக் காப்பீடு. இவற்றை யார் கட்டுவது என்பது நியமனக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். "முதல்ல வாங்க சார், பாத்துக்கலாம்" என்று எச்.ஆர். சொல்வதை நம்பி விமானம் ஏறாதீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகு உங்கள் பேச்சு எடுபடாது.

பள்ளியிலிருந்து தொடங்குவோம், காசு கரையும் இடம் அதுதான். ஷாங்காயில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான சர்வதேசப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கு 2 லட்சம் யுவானுக்கு மேல் வாங்குகின்றன. மேல்வகுப்புகளில் 3 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. இரண்டு பிள்ளைகள் என்றால் நடுத்தர மேலாளர் ஒருவரின் சம்பளத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

இங்கே ஒரு வரி விவரம் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு ஊழியருக்கு நிறுவனம் தரும் வாடகைப் படிக்கும் பிள்ளைகளின் கல்விப் படிக்கும், நியாயமான அளவில் இருந்து ரசீதும் இருந்தால், 2027 டிசம்பர் 31 வரை வருமான வரி விலக்கு உண்டு. சீனாவில் வருமான வரி 45 சதவீதம் வரை போகும். அதே தொகையைச் சம்பளமாக வாங்கிக் கட்டணம் செலுத்தினால், வரி போக மிஞ்சியதிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே "சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "பள்ளிக் கட்டணத்தையும் வாடகையையும் படியாகக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

ரசீது என்றால் துண்டுச் சீட்டு இல்லை. 'ஃபாபியாவ்' என்ற அரசு வரி ரசீதுதான் செல்லும். வீட்டுக்காரர்கள் சிலர் அதைத் தரத் தயங்குவார்கள், அல்லது அதற்காக வாடகையை ஏற்றுவார்கள். பேரம் பேசும்போதே ஃபாபியாவ் உண்டா என்று கேட்டுவிடுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு கேட்டால் தகராறுதான்.

மறுபடி பள்ளிக்கு வருவோம். சர்வதேசப் பள்ளிகளில் கல்வியாண்டு ஆகஸ்ட்டில் தொடங்குகிறது. நல்ல பள்ளிகளில் இடம் கிடைப்பது அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையை நடுவில் பிடுங்கிக்கொண்டு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய பாடத்திட்டத்துக்குப் பழகும் நேரத்தில் உங்கள் ஒப்பந்தமே முடிந்துவிடலாம். தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகள் மூன்றே மாதத்தில் ஊரைத் தங்கள் ஊராக்கிக்கொள்வார்கள்.

அடுத்து காகிதங்கள். வேலைக்குப் போகிறவருக்கு இசட் விசா, குடும்பத்தாருக்கு எஸ்1 விசா. கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டுமல்ல, இருவரின் பெற்றோரும் எஸ்1-இல் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைக் காவல்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். ஓட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள், வீட்டில் தங்கினால் அது உங்கள் பொறுப்பு. 30 நாளுக்குள் எல்லோருக்கும் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். பட்டச் சான்றிதழில் 'செல்வி கே', திருமணச் சான்றிதழில் 'கே. செல்வி', பாஸ்போர்ட்டில் 'செல்வி கருப்பையா' என்று இருக்கும். நம்மூர் அலுவலகத்தில் இதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அங்கே வங்கிக் கணக்கு, பணம் செலுத்தும் செயலியான அலிபே, ரயில் டிக்கெட் என எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பட்டம், போலீஸ் சான்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பெயர்களை ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் திருத்தவோ, 'இருவரும் ஒருவரே' என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கவோ கிளம்புவதற்கு முன்பே நேரம் ஒதுக்குங்கள். அதன்பின் இந்தச் சான்றிதழ்களுக்குச் சான்றொப்பம் வாங்கவும் வாரக்கணக்கில் ஆகும்.

வீடு எங்கே பார்ப்பது? அலுவலகத்தை விடுங்கள், பள்ளியை வைத்து முடிவு செய்யுங்கள். பெரியவர் மெட்ரோவில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போகலாம், ஆறு வயதுக் குழந்தை பள்ளிப் பேருந்தில் ஒரு மணி நேரம் உட்கார்வது கொடுமை. ஹுவாங்பு ஆற்றுக்கு மேற்கே கூபே, கிழக்கே புடோங்கில் ஜின்சியாவ் ஆகிய பகுதிகளில் வெளிநாட்டுக் குடும்பங்கள் நிறைய. வீட்டைக் கோடையில் பார்த்தாலும் குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். பெய்ஜிங்கில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை வீடுகளுக்கு மைய வெப்பம் வரும். ஷாங்காய் தெற்கில் இருப்பதால் அந்த ஏற்பாடு கிடையாது. ஜனவரி மாதத்து ஈரக் குளிர் சுவரிலிருந்தே இறங்கும். தரைக்கடி வெப்ப வசதி இருக்கும் வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

குடியேறிய மறுநாளே குப்பை விதி கைக்கு வரும். 2019 ஜூலை 1 முதல் நான்காகப் பிரித்துத்தான் போட வேண்டும்: ஈரம், உலர், மறுசுழற்சி, அபாயப் பொருள். சாம்பார் மிச்சத்தைப் பையோடு போடக் கூடாது. ஈரத்தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் பையை உலர்தொட்டியில் போட வேண்டும். கொட்டாங்குச்சி ஈரமில்லை, உலர். பல குடியிருப்புகளில் குறித்த நேரத்தில்தான் தொட்டி திறந்திருக்கும்.

கைபேசி விஷயத்தில் இந்தியர்களுக்கு இரட்டை இடி. சீனாவில் வாட்ஸ்அப்பும் கூகுளும் வேலை செய்யாது. அங்கே சகலத்துக்கும் பயன்படும் வீசாட்டை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. பாட்டியும் பேரனும் எதில் பேசுவார்கள்? ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஃபேஸ்டைம் உண்டு. இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்தால் வாட்ஸ்அப்பும் வரும், செலவுதான் கூடும். எப்படியும் அந்த சிம்மை மூடாதீர்கள், வங்கி ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். சீனாவில் பணம் கொடுக்க அலிபேயில் விசா, மாஸ்டர் கார்டை இணைக்கலாம். 200 யுவானைத் தாண்டும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 3 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள். ஆகவே உள்ளூர் வங்கிக் கணக்கைச் சீக்கிரம் தொடங்குங்கள்.

சமையலுக்குப் பயம் வேண்டாம். மின்சாரம் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் மிக்ஸியும் கிரைண்டரும் ஓடும், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். கறிவேப்பிலை, பழம், விதை போன்றவற்றைச் சுங்கத்தில் பறித்துவிடுவார்கள். சைவக்காரர்கள் வெளியே சாப்பிடும்போது உஷார்: காய்கறிப் பொரியலிலும் பன்றிக் கொழுப்போ சிப்பி சாஸோ இருக்கலாம். புத்த சைவ உணவகங்கள் பாதுகாப்பு. 1922-இல் தொடங்கிய 'கோங்தேலின்' இன்றும் நடக்கிறது.

அலுவலகத்தில் மின்னஞ்சலைவிட வீசாட் குழுவில்தான் வேலை நகரும், ராத்திரியிலும் நகரும். நீண்ட விடுமுறைக்கு ஈடாகச் சனி, ஞாயிறு வேலை வைப்பார்கள். ஊருக்கு டிக்கெட் எடுக்குமுன் அந்த ஆண்டின் விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள். விருந்தில் குடிக்காதவர் தேநீர்க் கோப்பையை உயர்த்தினால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காப்பீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: அரசு மருத்துவமனைகளின் சர்வதேசப் பிரிவிலும் தனியார் மருத்துவமனைகளிலும் காப்பீட்டு நிறுவனம் நேரடியாகப் பணம் கட்டுமா? ஆம்புலன்ஸ் எண் 120.

கடைசியாக, உங்கள் துணையின் வேலை. எஸ்1 விசாவில் வந்தவர் வேலை பார்க்க முடியாது. தனியாக ஒரு நிறுவனம் அவருக்குப் பணி அனுமதி எடுத்தால்தான் உண்டு. சென்னையில் குழுத் தலைவராக இருந்த பெண், திடீரென்று மொழி தெரியாத ஊரில் பதினைந்தாவது மாடியில் பகல் முழுக்கத் தனியாக இருப்பார். பாதியில் மூட்டை கட்டும் குடும்பங்கள் பெரும்பாலும் இதனால்தான் கட்டுகின்றன என்பது என் எண்ணம். சீன மொழி வகுப்புக்கான செலவை நிறுவனத்திடம் இருவருக்கும் கேளுங்கள். அவருடைய இப்போதைய நிறுவனத்தில் நீண்ட விடுப்பு கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். அவர் அரை மனதோடு சரி என்றால், முதல் ஆறு மாதம் நீங்கள் மட்டும் போங்கள். அதற்குள் குடும்பம் எஸ்2 விசாவில் வந்து ஊரையும் பள்ளியையும் பார்த்துவிட்டுப் போகட்டும், அந்த விசாவில் 180 நாள் வரை தங்கலாம்.