ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போறீங்களா?

சமூகவியல், வரலாறு, பொருளியல், தமிழ், மெய்யியல் போன்ற துறைகளில் முதுகலை முடித்துவிட்டு, “அடுத்து பிஎச்.டி. சேரலாம்னு இருக்கேன்” என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் கேள்வி, “மாசம் எவ்வளவு குடுப்பாங்க?” என்பதாகத்தான் இருக்கும். அது தப்பான கேள்வி இல்லை. முழுநேர ஆய்வு என்றால் குறைந்தது மூன்று ஆண்டுகள் வேறு வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். உதவித்தொகை கிடைக்காததால் பகுதிநேரத்துக்கு மாறி, பிறகு தனியார் பள்ளி வேலைக்குப் போய், ஆய்வை அப்படியே விட்டவர்களை ஒவ்வொரு கல்லூரியிலும் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். திறமை குறைந்து நின்றவர்கள் அல்ல. எந்த வாசல் எப்போது திறக்கும், அங்கே என்ன காகிதம் கேட்பார்கள் என்று சொல்ல ஆள் இல்லாமல் நின்றவர்கள். இந்தப் பாடம் அவர்களை மனதில் வைத்து எழுதியது.

பணம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். உதவித்தொகைகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். ஒன்று தேர்வு எழுதிப் பெறுவது. மற்றது விண்ணப்பமும் ஆய்வுத் திட்டமும் கொடுத்துப் பெறுவது.

தேர்வு வழியில் பெரியது யுஜிசி நெட். தேசியத் தேர்வு முகமை இதை ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. முதல் தாளில் 50 கேள்விகள், பாடத் தாளில் 100 கேள்விகள். மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. இதில் இளநிலை ஆய்வாளர் தகுதி, அதாவது ஜேஆர்எஃப் பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு முதுநிலை ஆய்வாளராக 42,000 ரூபாய். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தொகை இது. வீட்டு வாடகைப் படி தனி. ஜேஆர்எஃப்புக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 30. பெண்களுக்கும், ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், மூன்றாம் பாலினத்தவருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு.

நம் மாநில அரசும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்ற பெயரில் மாதம் 25,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. முதல் முறை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வில் 120 இடங்கள். அதில் சரிபாதி, 60 இடங்கள், கலை, மானுடவியல், சமூக அறிவியல் பாடங்களுக்கு. அறிவியல் பாடத்துக்குத்தான் பணம் என்று நினைத்துப் பலர் அறிவிப்பையே படிப்பதில்லை. படியுங்கள்.

இரண்டாவது வழியில் முக்கியமானது, 1969-ல் டெல்லியில் அமைக்கப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, சுருக்கமாக ஐசிஎஸ்எஸ்ஆர். பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்கள் இதன் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே உங்கள் ஆய்வுத் திட்டம்தான் பேசும். வரலாற்றுக்கு ஐசிஎச்ஆர், மெய்யியலுக்கு ஐசிபிஆர் என்று தனித்தனிக் குழுக்கள் உள்ளன. சென்னையில் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஐசிஎஸ்எஸ்ஆர் ஆதரவில் இயங்குகிறது. அங்கே பிஎச்.டி. சேர்பவர்களுக்கும் உதவித்தொகை வாய்ப்பு உண்டு. பெற்றோருக்கு ஒரே பெண் குழந்தையாக இருந்தால், யுஜிசியின் சாவித்திரிபாய் ஜோதிராவ் ஃபுலே உதவித்தொகை இருக்கிறது. முழுநேர பிஎச்.டி. பதிவு போதும், தனித் தேர்வு இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் ஆதிதிராவிடர் நலத்துறையின் முழுநேர முனைவர் பட்ட ஊக்கத்தொகை பற்றி மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்க முடியாது. ஆனால் இரண்டுக்கு விண்ணப்பிப்பதில் தவறில்லை. கிடைத்ததும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதை எழுத்து மூலம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

அடுத்து சான்றிதழ்கள். இங்கே கொஞ்சம் நின்று படிங்க, ஏனென்றால் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

உங்களிடம் பள்ளிக் காலத்திலிருந்து இருக்கும் பிசி அல்லது எம்பிசி சாதிச் சான்றிதழ், மாநில அரசின் தேவைகளுக்கானது. மத்திய அமைப்புகள் கேட்பது ஓபிசி சான்றிதழ். அது வேறு படிவம், வேறு விண்ணப்பம். “கிரீமிலேயர்” எனப்படும் வசதி படைத்த பிரிவில் நீங்கள் இல்லை என்பதையும் அது சொல்ல வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு 8 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தச் சான்றிதழ் கிடைக்காது. ஆனால் அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல், “அப்பா சம்பளமும் நிலத்து வருமானமும் சேர்ந்தா எட்டு லட்சம் தாண்டிடுது” என்று தாங்களாகவே பொதுப் பிரிவில் போட்டவர்கள் உண்டு. பெற்றோர் உயர்நிலை அரசுப் பதவியில் இருந்தால் மட்டும் அதற்குத் தனி விதி இருக்கிறது, அதை விசாரித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சமூகங்களும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை. தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் தமிழ்நாட்டுக்கான பட்டியலைத் திறந்து, உங்கள் சமூகத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

ஓபிசி சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இ-சேவை மூலமாகவே கேட்கலாம். முதலில் கேன் எண், அதாவது குடிமக்கள் கணக்கு எண், வேண்டும். ஏற்கெனவே ஏதாவது சான்றிதழ் வாங்கியிருந்தால் அந்த எண் உங்களுக்கு இருக்கும். மையத்தில் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை முடிந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதல் ஆகும். கிரீமிலேயர் நிலை வருமானத்தைப் பொறுத்து மாறும் என்பதால், போன வருடம் வாங்கிய சான்றிதழ் இந்த வருடம் செல்லாமல் போகலாம். ஏப்ரல் பிறந்ததும் புதிதாக ஒன்று வாங்கி டிஜிலாக்கரிலோ போனிலோ வைத்துவிடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கடைசி தேதிக்குள் கைக்கு வருவது அதிர்ஷ்டம்தான். ஒரே பெண் குழந்தை உதவித்தொகைக்கு 100 ரூபாய் முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். அதில் வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் சான்றொப்பம் இட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி ஆய்வுத் திட்டம். தேர்வு வழியில் போகிறவர்களுக்கும் இது வேண்டும், ஏனென்றால் பிஎச்.டி. சேர்க்கை நேர்காணலில் கேட்பார்கள்.

முதலில் கேள்வியைச் சுருக்க வேண்டும். “தமிழ்நாட்டில் பெண்கள் முன்னேற்றம்” என்று எழுதினால் படிப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். அது பட்டிமன்றத் தலைப்பு. ஓர் எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் இருக்கிறது. “இந்தத் திட்டத்தின் தாக்கம்” என்பது கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் பெரியது. யாருக்கு? எங்கே? எதில் தாக்கம்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், “ஒரு சந்தை நகரத்துக்குப் பூவும் கீரையும் கொண்டுபோய் விற்கும் பெண்கள், பயணச் செலவு இல்லாமல் போன பிறகு விற்கும் இடத்தையும் வீடு திரும்பும் நேரத்தையும் மாற்றிக்கொண்டார்களா?” என்ற இடத்துக்கு வந்து சேரலாம். இது இரண்டு ஆண்டில் முடிக்கக்கூடிய கேள்வி. விடை “இல்லை” என்று வந்தாலும் பயன்படும் கேள்வி. விடை ஏற்கெனவே தெரிந்த கேள்விக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

கேள்வி சிறியதாக இருந்தால் ஒப்பிடவும் வழி கிடைக்கும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், அரசு நகரப் பேருந்து வரும் கிராமம் ஒன்று, தனியார் மினி பஸ் மட்டுமே வரும் கிராமம் ஒன்று என்று எடுக்கலாம். தனியார் பேருந்தில் இந்தச் சலுகை கிடையாது. இரண்டு கிராமமும் அதே சந்தைக்குப் போகிறவை. இந்த ஒரு பத்தியை எழுதிவிட்டால், ஆய்வு முறை என்ற தலைப்பின் கீழ் பாடப்புத்தக வரிகளை நகலெடுக்க வேண்டிய அவசியம் வராது.

முன்னாய்வுகளைப் பற்றி எழுதும் பகுதியில் பெயர்ப் பட்டியல் போடாதீர்கள். இதுவரை என்ன தெரியும், எந்த இடத்தில் தெரியாது, அந்த இடத்தில் நான் நிற்கிறேன் என்பதைச் சொன்னால் போதும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, போனிலேயே திறக்கலாம். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யாராவது செய்திருந்தால் இப்போதே தெரிவது நல்லது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-லும் 2024-லும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. நம் பூக்காரப் பெண்கள் ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணித் தரவு வேறு எது? வரலாற்று மாணவர் என்றால், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ உங்களுக்கு வேண்டிய ஆவணம் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ‘பார்த்தேன், இருக்கிறது’ என்ற வரிக்கு மதிப்பு அதிகம்.

ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் முதலில் தமிழில் முழுவதும் எழுதிவிடுங்கள். யோசனை தெளிவாக இருந்தால் மொழியை யாரிடமாவது காட்டித் திருத்தலாம். யோசனையையே இரவல் வாங்கினால் நேர்காணலில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். சாட்ஜிபிடியிடம் எழுதச் சொல்லி அப்படியே ஒட்டுவதும் இரவல்தான், பாருங்க.

செலவுக் கணக்கைப் பலர் கடைசி ராத்திரி எழுதுகிறார்கள். பெரும்பாலும் அங்கேயே அனுபவமின்மை வெளிப்படும். 40 பேரிடம் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத்தில் கொண்டுவர ஐந்து மணி நேரமாவது ஆகும். 40 பேருக்கு 200 மணி நேரம். தினம் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் 40 நாள். இந்த 40 நாளுக்கு உங்கள் கால அட்டவணையில் இடம் இருக்கிறதா? ஆள் வைத்து எழுதினால் அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா? பயணச் செலவும் அப்படித்தான். ஆய்வாளர் பெண்ணாக இருந்தால் பேருந்துக்குச் செலவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பூச்சந்தை விடியுமுன்பே கூடிவிடும். அந்த நேரத்தில் உங்கள் தெருவிலிருந்து ஆட்டோதான். பேசுகிறவர்களின் ஒப்புதலை அவர்களுக்குப் புரியும் தமிழில் எழுதி வாங்குவீர்கள், பெயரை வெளியிட மாட்டீர்கள் என்பதையும் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

விண்ணப்பம் அனுப்புவதில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது ஓர் உதவித்தொகைக்கு இணையத்தில் எல்லாவற்றையும் பதிவேற்றி முடித்தேன். வேலை முடிந்தது என்று ஊருக்குப் போய்விட்டேன். அச்சிட்ட படிவத்தில் நிறுவனத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கித் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. திரும்பி வந்தபோது கையெழுத்துப் போட வேண்டியவர் விடுமுறையில். அவர் வந்தது திங்கட்கிழமை, கடைசி தேதி முந்தின வெள்ளிக்கிழமை. இரண்டு மாத உழைப்பு என் அறை அலமாரியிலேயே தங்கிவிட்டது. அடுத்த அறிவிப்புக்கு ஒரு வருடம் காத்திருந்தேன். அந்த வருடம் முழுக்க டியூஷன் எடுத்துத்தான் ஓட்டினேன்.

அதனால் அறிவிப்பு வந்த அன்றே கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பியுங்கள். யாருடைய கையெழுத்து வேண்டும், அவர் எப்போது இருப்பார் என்று நெறியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படம், கையெழுத்து எல்லாம் எத்தனை கேபி அளவுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்களோ அந்த அளவுக்கு முன்பே சுருக்கி வையுங்கள். போனில் ஸ்கேன் செய்தால் வெளிச்சம் சரியாக இருக்கும் பகல் நேரத்தில் செய்யுங்கள். நிழல் விழுந்த சான்றிதழ் நிராகரிக்கப்படலாம். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயரின் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆதாரைத் திருத்த இப்போதே விண்ணப்பியுங்கள். தபால் தேவைப்பட்டால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்.

தேர்வான பிறகும் ஒரு விஷயம் இருக்கு. ஜேஆர்எஃப் தொகை தானாக மாதா மாதம் வந்துவிடாது. நீங்கள் ஆய்வில் தொடர்கிறீர்கள் என்று உங்கள் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அந்த வேலையைப் பார்க்கும் அலுவலகப் பணியாளர் யார் என்று சேர்ந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். முதல் தவணை வர மாதங்கள் ஆகலாம். விடுதிக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் அதுவரை என்ன வழி என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கிடைக்காமல் போனால், அனுப்பிய திட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு மாதம் கழித்து எடுத்து, துறை சாராத நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். “நீ என்ன கண்டுபிடிக்கப் போறே?” என்று அவர் கேட்டால், கேள்வி இன்னும் பெரிதாகவே இருக்கிறது என்று அர்த்தம். சுருக்கித் திரும்ப எழுதி, அடுத்த அறிவிப்புக்கு அதையே அனுப்பலாம்.